காரமில்லாத மிளகு: ஒரு சொட்டு எண்ணெய் யாருக்கு உதவும்?

மதியம் ஒரு மணி. கூடத்துக் கட்டிலில் முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து மாமனாரை உட்கார வைத்திருக்கிறார் மருமகள். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய வலது கை மடியிலேயே கிடக்கிறது. கரைத்த ரசம் சாதத்தை ஸ்பூனில் எடுத்து, "மெதுவா மாமா" என்று ஊட்டுகிறார். இரண்டு வாய் இறங்குகிறது. மூன்றாவது வாயில் புரையேறி முகம் சிவக்கிறது, கண்ணில் நீர் கோக்கிறது, மார்பு குலுங்குகிறது. "யாரோ நினைச்சுக்கிறாங்க போல" என்று உச்சந்தலையில் தட்டுகிறார் மருமகள். இருமல் அடங்கியதும், போதும் என்று இடது கையைக் காட்டிவிடுகிறார் பெரியவர்.

இப்படி ஒரு மதியம் நடக்காத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்களுக்கு விழுங்கும் அனிச்சைச் செயல் மந்தமாகிவிடும். உணவு தொண்டைக்கு வந்த பிறகும் மூச்சுக்குழலின் வாசல் உடனே மூடுவதில்லை. ரசமோ தண்ணீரோ எச்சிலோ வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. நாலு நாள் கழித்துக் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இந்தப் பெரியவருக்கும், இன்று அழகுநிலையங்களிலும் ஆன்லைன் கடைகளிலும் கறுப்புப் பாட்டிலில் விற்கும் மிளகு எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? அந்த எண்ணெயைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இவரைப் போன்றவர்களை வைத்து நடந்த ஆய்வுதான். 'மனஅழுத்தம் போக்கும்', 'கொழுப்பைக் கரைக்கும்' என்றெல்லாம் எழுதியிருக்கும் பாட்டில்களில் அதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம்

ஜப்பானின் சென்டாய் நகரில் உள்ள தோஹோகு பல்கலைக்கழக மருத்துவர்கள், முதியோர் இல்லங்களில் இருந்த 105 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மிளகு எண்ணெய், இன்னொன்றுக்கு லாவெண்டர் எண்ணெய், மூன்றாவது குழுவுக்கு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் மூக்கருகே பிடித்து முகர வைப்பது, இதை 30 நாள் தொடர்வது. வேறு மருந்து, ஊசி எதுவும் இல்லை.

2006-ல் வெளிவந்த முடிவு இது: மிளகை முகர்ந்தவர்களுக்கு விழுங்கும் அனிச்சை தொடங்க ஆகும் நேரம் குறைந்திருந்தது. லாவெண்டருக்கும் தண்ணீருக்கும் அந்தப் பலன் இல்லை. மிளகுக் குழுவினரின் ரத்தத்தில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற நரம்புப் பொருளின் அளவு கூடியிருந்தது. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் இருமவும் விழுங்கவும் தூண்டும் பொருள் அதுதான். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறதே, அந்தப் பொருள் சிதையாமல் தேங்குவதும் அதற்கு ஒரு காரணம். மூளைப் படத்தில் 'இன்சுலா' என்ற பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடியிருந்ததும் தெரிந்தது. விழுங்குவதை ஒருங்கிணைப்பதில் அந்தப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு.

இதே ஜப்பானிய வட்டாரத்தில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் விழுங்கும் அனிச்சையைத் தூண்டுகிறது என்று 1993-லேயே கண்டிருந்தார்கள். ஆனால் வாயில் எதையும் வைக்கவே முடியாத, பாதி நினைவில் இருக்கும் நோயாளிக்குக் காரத்தை எப்படிக் கொடுப்பது? வாசனைக்கு அந்தத் தடை இல்லை. மூக்கு திறந்திருந்தால் போதும்.

குழாய் வழியாகவே உணவு பெற்றுவந்த, நரம்புக் குறைபாடுள்ள குழந்தைகளிடமும் 2008-ல் இதைச் செய்து பார்த்தார்கள். பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேர் மூன்று மாதம் தொடர்ந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் வாயால் சாப்பிடும் அளவு கூடியது. இது மிகச் சிறிய எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனாலும் குழாயை மட்டுமே நம்பியிருந்த குழந்தை வாயைத் திறந்து நாலு வாய் சாப்பிடுவது அந்தத் தாய்க்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதியோர் ஆய்வின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது அளந்தது விழுங்கும் அனிச்சையை. நிமோனியாவும் மரணமும் குறைகின்றனவா என்பது இதைவிடப் பெரிய ஆய்வுகள் சொல்ல வேண்டிய பதில்.

காரம் எங்கே போனது?

மிளகு எண்ணெய் எடுக்கும் கூடத்தில் இரண்டு இடங்கள், இரண்டு வாசனை. மிளகை ஒன்றிரண்டாக உடைக்கும் இயந்திரத்தின் பக்கம் நிற்க முடியாது. தூள் பறந்து தும்மலும் கண்ணெரிச்சலும் வரும். உடைத்த மிளகைத் துளைத்தட்டு போட்ட எஃகுக் கொப்பரையில் கொட்டி, அடியிலிருந்து நீராவியை ஏற்றுகிறார்கள். ஆவி மிளகுக்குள் புகுந்து, ஆவியாகக்கூடிய எண்ணெய்ச் சத்தை இழுத்துக்கொண்டு மேலே போய், குளிர்ந்த குழாயில் மறுபடி தண்ணீராகிச் சொட்டுகிறது. கண்ணாடிக் குடுவையில் தண்ணீருக்கு மேல் மெல்லிய ஏடாக, லேசான பச்சை ஓடிய தெளிந்த எண்ணெய் மிதக்கிறது. மணிக்கணக்கில் சொட்டினாலும் அந்த ஏடு விரற்கடை உயரம்கூடச் சீக்கிரம் ஏறாது.

அதை முகர்ந்தால் தும்மல் வராது. பச்சை மரம் அறுத்த வாசனை, கொஞ்சம் எலுமிச்சைத் தோல், பின்னால் வெண்பொங்கலில் நெய்யில் பொரித்த மிளகின் மணம். ஆனால் காரம் கிடையாது. மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரின் ஆவியாகாத பொருள். 1819-ல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்த அந்தப் பொருள் கொப்பரையிலேயே தங்கிவிடுகிறது. குடுவைக்கு வருவது கேரியோஃபிலின், லிமோனின், பைனின், சபினின் போன்ற மணப்பொருள்கள்தான்.

கடைக்காரர்கள் குழப்பிவிடுவது இந்த இடத்தில்தான். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளின் குர்குமினோடு பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது குர்குமின் உடலில் சேரும் அளவு மனிதர்களிடம் சுமார் 20 மடங்கு கூடியதைக் காட்டினார்கள். அந்தப் பெருமை பைப்பரினுக்கு உரியது. பைப்பரினே இல்லாத நறுமண எண்ணெய் பாட்டிலில் 'மஞ்சளின் சத்தை உறிஞ்ச உதவும்' என்று எழுதி விற்பது தவறான தகவல்.

நம் வீடுகளில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. வீட்டில் காய்ச்சுவது நல்லெண்ணெய், அதில் மிளகின் சாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாட்டிலில் இருப்பது மிளகின் மணச்சத்து மட்டும், முழு வீரியத்தில். இந்த வித்தியாசம் தெரியாமல் அதை அப்படியே உச்சியில் ஊற்றித் தேய்த்தால் தோல் எரியும், கண்ணில் வழிந்தால் இன்னும் மோசம்.

---

பெட்டிச் செய்தி: மூக்குக்கும் மிளகுக்கும்

கி.மு. 1213-ல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துவாரங்களுக்குள் மிளகு வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில்.

செங்கடல் கரையின் பெரனிகே துறைமுக அகழாய்வில், கோயில் வளாகத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது.

ஜலதோஷத் தலைவலிக்கு மிளகை ஊசியில் குத்தி விளக்கில் சுட்டுப் புகையை உறிஞ்சுவது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். கருகிய புகை நுரையீரலுக்கு நல்லதல்ல; ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

'அரோமாதெரபி' என்ற பெயரைத் தந்தவர் பிரான்ஸ் வேதியியலாளர் கட்ஃபோசே. அந்தத் தலைப்பில் அவர் எழுதிய புத்தகம் 1937-ல் வந்தது.

---

பீடியை விட நினைப்பவருக்கு

புகைப்பதை நிறுத்தியவர்கள் பலரும் சொல்வது ஒன்று உண்டு: தொண்டையில் அந்த 'சுரீர்' இல்லையே என்பது. நிகோடின் ஏக்கம் ஒரு பக்கம் இருக்க, புகை தொண்டையையும் மார்பையும் உரசிப் போகும் உணர்வுக்கும் உடம்பு பழகிவிடுகிறது. நிகோடின் பட்டையை உருவாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் ஜெட் ரோஸ் பிடித்துக்கொண்டது இந்த நூலைத்தான்.

1994-ல் அவரும் ஃபிரெடெரிக் பெம்மும் வெளியிட்ட ஆய்வில் 48 புகைபிடிப்பவர்கள் கலந்துகொண்டார்கள். இரவு முழுக்கப் புகைக்காமல் வந்தவர்களுக்கு சிகரெட் போன்ற ஒரு குழலைக் கொடுத்து, மூன்று மணி நேரம் விருப்பம்போல் இழுக்கச் சொன்னார்கள். ஒரு குழுவின் குழலில் மிளகு எண்ணெய், இன்னொன்றில் புதினா வாசனை, மூன்றாவதில் ஒன்றுமில்லை. மிளகை இழுத்தவர்களுக்கு சிகரெட் ஏக்கம் மற்ற இரு குழுக்களையும்விடக் குறைந்தது. பதற்றமும் உடல் தொந்தரவுகளும் தணிந்தன. மார்பில் உணர்ந்த அந்த உறுத்தலே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

மூன்று மணி நேர ஆறுதல் என்பது புகையை விட்டுவிடுவதாகாது. அடுத்த நாள், அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. எண்ணெயைச் சூடாக்கி நுரையீரலுக்குள் இழுக்கும் எந்தக் கருவியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சாப்பாடு முடிந்ததும் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும் அந்தச் சில நிமிடங்களைக் கடக்க, கைக்குட்டையில் விட்ட ஒரு சொட்டு மிளகு எண்ணெயை முகர்வதில் பெரும்பாலானவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. அதோடு 1800-112-356 என்ற மத்திய அரசின் புகையிலை நிறுத்த இலவச எண்ணையும் அழையுங்கள். கூடப் பேச ஆள் இருப்பது பெரிய பலம்.

தூக்கத்துக்கு இது ஆகாது

நறுமண எண்ணெய் என்றாலே மனம் லேசாகும், தூக்கம் வரும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மிளகு எண்ணெய் அந்த ரகம் அல்ல. 2002-ல் ஜப்பானில் ஆரோக்கியமானவர்களை வைத்து நடந்த ஆய்வில், மிளகு, பெருஞ்சீரகம், கிரேப்ஃப்ரூட், டாரகன் எண்ணெய்களை முகர்ந்தபோது பரிவு நரம்பின் செயல்பாடு ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு கூடியது. ஓடத் தயாராகும்போதும் பயப்படும்போதும் வேலை செய்யும் நரம்பு அது. ரோஜாவும் பச்சோலியும் அதை 40 சதவீதம் குறைத்தன.

ஆக, மிளகு எண்ணெய் எழுப்பிவிடும் எண்ணெய். சாப்பாட்டுக்கு முன் மந்தமாக இருக்கும் முதியவருக்கு உதவுவதும் இந்தக் குணம்தான். அதே எண்ணெயை 'நிம்மதியான உறக்கம்' என்று படுக்கையறை டிஃப்யூசரில் ஊற்றச் சொல்வது தலைகீழ் வைத்தியம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் படபடப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் முகர வேண்டாம்.

தோலில் தடவும்போது கதை கொஞ்சம் வேறு. தடவிய இடம் லேசாகச் சிவந்து சூடாகும், ரத்த ஓட்டம் கூடும். நரம்பு கிடைக்காமல் செவிலியர் இரண்டு மூன்று முறை ஊசி குத்தும் அவஸ்தை பலருக்கும் தெரியும். அமெரிக்காவில் 120 நோயாளிகளிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், ஊசி போடும் முன் மிளகு எண்ணெய் கலந்த களிம்பைத் தடவியபோது நரம்பு நன்றாகப் புலப்பட்டது. தைவானில் கழுத்துவலிக்காரர்களிடம் 2014-ல் நடந்த ஆய்வில் மிளகு, மருக்கொழுந்தைப் போல மணக்கும் மார்ஜோரம், லாவெண்டர், புதினா நான்கும் கலந்த களிம்பு நான்கு வாரத்தில் வலியைக் குறைத்தது. நான்கு எண்ணெய்கள் சேர்ந்து செய்த வேலைக்கு மிளகுக்கு மட்டும் மாலை போட முடியாது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று: வாசனையை மறைக்க முடியாது. தனக்குக் கொடுத்தது மருந்தா வெறும் மாவா என்று மாத்திரையில் தெரியாது. மிளகை முகர்ந்தவருக்கு அது மிளகு என்று தெரிந்துவிடும். 'இது கேட்கும்' என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடக்கூடும். சென்டாய் ஆய்வை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவும் காரணம். நோயாளி சொன்னதை அல்ல, தொண்டை எவ்வளவு சீக்கிரம் அசைந்தது என்பதை அவர்கள் அளந்தார்கள்.

பத்து மில்லிக்கு அரை கிலோ

மிளகில் நறுமண எண்ணெய் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான். இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 10 மில்லி பாட்டிலை நிரப்ப ஏறத்தாழ அரை கிலோ மிளகு வேண்டும். எண்ணெய் எடுக்க முற்றாத, எடை குறைந்த மிளகைப் பயன்படுத்துவார்கள், அது மலிவு. எடுத்த பிறகு மிச்சத்திலிருந்து பைப்பரினையும் பிரித்து விற்பார்கள். இப்படிக் குறையும் செலவையெல்லாம் கழித்தாலும், 10 மில்லி 'நூறு சதவீத சுத்தமான' மிளகு எண்ணெய் தொண்ணூறு ரூபாய்க்கு வருகிறது என்றால் உள்ளே இருப்பதைச் சந்தேகப்பட வேண்டும். ஆரஞ்சுத் தோலின் லிமோனின், டர்பன்டைனிலிருந்து வரும் பைனின், கிராம்பு எண்ணெயின் மிச்சமான கேரியோஃபிலின் ஆகியவற்றைக் கலந்தால் மூக்கை ஏமாற்றிவிடலாம். ஆய்வகத்தின் வாயு நிறப்பிரிகைச் சோதனையில்தான் குட்டு உடையும்.

இந்தக் கணக்கில் நம் மலை விவசாயி எங்கே இருக்கிறார்? கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி, வால்பாறை, கூடலூர் பக்கம் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஏணி வைத்துச் சரம் சரமாகப் பறித்து, உதிர்த்து, தார்ப்பாயில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். வியாபாரி ஒரு லிட்டர் படியில் அளந்து எடை பார்ப்பார். எடை குறைந்தால் விலையும் குறையும். அப்படி விலை குறைக்கப்படும் முற்றாத மிளகில்தான் எண்ணெய் அதிகம். இலங்கையின் மாத்தளை, கண்டி, கேகாலைப் பக்கத்து மிளகு எண்ணெய்ச்சத்துக்குப் பேர்போனது. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வந்து, சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கோலஞ்சேரியில் 1972-ல் சின்தைட் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரமே உலகின் நறுமணச் சாறு வணிகத்தின் மையங்களில் ஒன்றாகிவிட்டது.

நம் மலைகளில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. சிறிய வடிகலன் ஒன்றை அவர்கள் பொதுவில் வைத்து, விலை போகாத மிளகை எண்ணெயாக்கினால் கூடுதல் வருமானத்துக்கு வழி உண்டு. ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று வேண்டும். எண்ணெய் எடுத்த சக்கையை நல்ல மிளகோடு கலந்து சந்தைக்கு அனுப்பும் மோசடிக்கு இடம் தரக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் அந்த மலையின் பெயர் கெட்டுவிடும்.

---

பெட்டிச் செய்தி: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

'பைப்பர் நைக்ரம்' என்ற தாவரப் பெயர், நீராவியில் வடித்ததா, தொகுதி எண், தேதி இவை இருக்க வேண்டும். 'ஃப்ராக்ரன்ஸ் ஆயில்' என்றிருந்தால் அது செயற்கை வாசனையாக இருக்கும். கார்பன் டை ஆக்சைடு முறையில் எடுத்ததில் பைப்பரினும் இருக்கலாம், தோலில் காந்தும்.

தோலில் தடவ: 10 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் 4 சொட்டு. அது இரண்டு சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பொறுங்கள்.

அடர்நிறப் பாட்டிலில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய் ஒவ்வாமையை உண்டாக்கும்.

குளிக்கும் தண்ணீரில் நேரடியாக விடாதீர்கள். கரையாது, மிதந்து தோலில் ஒட்டும்.

---

யார் தொடக்கூடாது

எந்த நறுமண எண்ணெயையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் செரிமானம் ஆகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். செரிமானத்துக்கு நம்மிடம் மிளகு ரசம் இருக்கிறது. பாட்டிலைக் குழந்தை வாயில் கவிழ்த்துக்கொண்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்க் கடும் அழற்சியை உண்டாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தடவவே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வீட்டில் பூனையோ கிளியோ இருந்தால் அந்த அறையில் டிஃப்யூசர் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ன் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நறுமண எண்ணெய் விற்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆன்லைன் விளம்பரங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சென்னையில் செய்யலாமே

நாட்டிலேயே முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடியாகத் தனிப்பிரிவு கண்டது சென்னை மருத்துவக் கல்லூரி. கிண்டியில் 2024-ல் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. சென்டாய் ஆய்வுக்குத் தேவைப்பட்டது எண்ணெய், முகர வைக்க ஒரு ஆள், ஒரு நிமிடம், முப்பது நாள். இதற்குப் பெரிய இயந்திரமோ பெரிய நிதியோ வேண்டாம். மிளகு மணத்தோடு பிறந்ததிலிருந்து பழகிய நம் பெரியவர்களிடம் இது ஜப்பானைவிட நன்றாக வேலை செய்யுமா, பழகிய மணம் என்பதாலேயே மந்தமாகுமா என்பதை இங்கே செய்து பார்த்தால்தான் தெரியும். விழுங்கும் வேகத்தோடு நிமோனியா எண்ணிக்கையையும் சேர்த்து அளந்தால், ஜப்பான் ஆய்வு பதில் சொல்லாத கேள்விக்கும் பதில் கிடைக்கும். மருத்துவக் கல்லூரிகளின் முதியோர் பிரிவுகள் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

வாசகர்களுக்கு ஒன்று. வீட்டில் பெரியவருக்குச் சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால், சாப்பிட்ட பின் குரல் கரகரத்தால், காரணமில்லாமல் காய்ச்சல் வந்து வந்து போனால், எண்ணெய் பாட்டில் வாங்குவதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துப் போய் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். நீர்த்த ரசத்தையும் தண்ணீரையும்விடக் கெட்டியாகக் குழைந்த உணவு பலருக்குப் பாதுகாப்பாக இறங்கும். எந்தப் பதம் அவருக்குச் சரி என்பதை விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் பார்த்துச் சொல்வார். மிளகு எண்ணெயை முகர வைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.